பாலத்தில் அறுந்த அழைப்பு

பாலத்தின் நடுவில் பேச்சு அறுந்தது.

"அவ உங்களை..." என்றது போன். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

போனைக் காதில் வைத்தபடியே முத்திரையார் பத்து நொடி காத்தார். பத்து நொடி காத்த பிறகுதான் ஓர் அழைப்பு செத்துவிட்டதாக எழுதலாம் என்பது விதி. செத்த அழைப்பை மறுபடி கூப்பிட்டு உயிர்ப்பிக்கக் கூடாது என்பதும் விதி. இடத்தையும் நேரத்தையும் படிவத்தில் எழுதிவிட்டு, டிரைவரிடம் சொல்லி வண்டியைத் திருப்ப வேண்டியதுதான்.

"பாலம். பன்னிரண்டாவது நிமிடம்" என்று எழுதினார். எழுத்தில் நடுக்கமில்லை. உள்ளே இருந்த நடுக்கத்துக்குப் படிவத்தில் இடமில்லை.

'அவ' என்றது அவருடைய ஒரே மகளை.

அவர் ஒரு செல்போன் நெட்வொர்க் கம்பெனியில் சோதனை அதிகாரி. எந்தக் கம்பெனி செய்த போனாக இருந்தாலும், அவர் காதில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நெட்வொர்க்கின் கடைகளில் விற்கலாம். முப்பத்தொரு வருடம் அப்படிப் போட்ட கையெழுத்தில் ஒன்றுகூடத் தவறிப் போனதில்லை. அவருடைய தந்தை கடைகளின் எடைக்கல்லைச் சோதித்து முத்திரை குத்தியவர். சொந்தத் தம்பி கடையின் கல்லிலேயே ஒரு குன்றிமணி எடை குறைகிறது என்று பறித்துக்கொண்டு போனவர். அந்தத் தம்பி சாகும்வரை அவருடன் பேசவில்லை. குடும்பத்தில் அதைத் துக்கமாகச் சொல்வதில்லை, பெருமையாகத்தான் சொல்வார்கள். 'முத்திரையார்' என்று அலுவலகத்தில் கேலியாக வைத்த பெயரை இவர் பட்டமாக எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் மகள் தானே ஒருவனைப் பார்த்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இவர் போகவில்லை. அப்பா வந்து கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாள். மகள் வந்து கேட்கட்டும் என்று இவர் இருந்தார். மனைவி இருந்திருந்தால் இருவர் தலையிலும் குட்டியிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

விதி என்பது படிவத்தில் மட்டும் இருப்பதில்லை. புதிதாகச் சோதனைக்கு வந்த போனைச் செய்த கம்பெனியில்தான் மருமகன் வேலை பார்த்தான். அந்தக் கம்பெனி சார்பில் சோதனைப் பேச்சுப் பேச அவனைத்தான் நியமித்திருந்தார்கள். "எதிர்த்தரப்பில் உறவினர் எவரும் உண்டா?" என்று படிவம் கேட்டது. முத்திரையார் ஒரு கணம்கூட யோசிக்காமல் "இல்லை" என்று எழுதினார்.

சோதனை எளிமையானது. போனுக்குள் மோடம் என்று ஒரு சில்லு உண்டு. கோபுரத்தோடு பேசுவது அதன் வேலை. வண்டி ஓட ஓட, ஒரு கோபுரத்தின் கையை விட்டு அடுத்த கோபுரத்தின் கையைப் பிடிக்க வேண்டும். இரண்டு கைக்கும் நடுவே பேச்சு கீழே விழக் கூடாது. நெட்வொர்க்காரர் வண்டியிலும் போன்காரர் தம் அலுவலகத்திலும் இருந்துகொண்டு நாற்பது நிமிடம் விடாமல் பேச வேண்டும். முன்பெல்லாம் பதிவு செய்த குரலை ஓட விடுவார்கள். ஒரு கம்பெனியின் மோடம் அந்தக் குரலை அடையாளம் கண்டு, மேலதிகாரி வரும் நாளில் மட்டும் சீக்கிரம் வரும் குமாஸ்தாவைப் போல, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. அன்றிலிருந்து மனிதர்கள்தான் பேச வேண்டும். முதல் பத்து நிமிடம் எண்களைப் படிக்க வேண்டும். மீதி முப்பது நிமிடம் எதை வேண்டுமானாலும் பேசலாம்.

எண்கள் முடிந்ததும் மருமகன், "மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றான்.

"சார்னு சொல்லுங்க. பேச்சு பதிவாகுது."

அவன் சாரென்றே சொல்லி வெயிலைப் பற்றிப் பேசினான், சாலையைப் பற்றிப் பேசினான். பாலத்தில் ஏறியதும் மகளைப் பற்றி எடுத்தான். அறுந்துவிட்டது.

அலுவலகக் கணினி அந்த அழைப்பைப் பற்றி ஒரே வரிதான் பதிந்து வைத்திருந்தது: "முடித்த தரப்பு: போன்."

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு கம்பெனியும் சம்பந்திச் சண்டை போட்டன. போன்தான் முடித்தது என்று கணினியே சொல்கிறதே, மோடம் மட்டம் என்றது நெட்வொர்க். பாலத்துக் கோபுரம் கையே நீட்டவில்லை, எங்கள் மோடம் எவ்வளவு நேரம்தான் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றது போன் கம்பெனி. நீட்டிய கையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினால் கோபுரம் என்ன செய்யும் என்றது நெட்வொர்க். இரண்டு பக்கமும் ஆளுக்கு எட்டுப் பேர். மேசையின் ஓர் ஓரத்தில் மருமகன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மறு ஓரத்தில் முத்திரையார் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இருவரும் மற்றவர்களைப் பார்த்தே பேசினார்கள்.

கடைசியில் போன் கம்பெனி இறங்கி வந்தது. மோடத்தின் மென்பொருளைத் திருத்தியது. இனி பழைய கோபுரத்தை லேசில் விடாது, உடும்புப் பிடியாகப் பிடிக்கும் என்றார்கள்.

இரண்டாவது சோதனையில் போன் சுடுகல்லாகக் கொதித்தது. மருமகன் எட்டாவது நிமிடத்திலேயே எண் பட்டியலை நிறுத்தினான்.

"சார், பாலம் வர்றதுக்குள்ள சொல்லிடறேன். இன்னிக்குக் காலையில அவ என்கிட்ட..."

வண்டி பாலத்தைக்கூடத் தொடவில்லை. ஆஸ்பத்திரி எதிரே சிக்னலில் நின்றிருந்தது. அங்கேயே அறுந்தது.

ஆக, முன்னே பன்னிரண்டு நிமிடம் உயிரோடிருந்த அழைப்பு, மருந்து கொடுத்த பிறகு எட்டு நிமிடத்தில் செத்தது. இந்த முறை நெட்வொர்க் தன் பங்குக்குப் பெருந்தன்மை காட்டியது. பாலத்துக் கோபுரத்தின் சக்தியைக் கூட்டியது. பக்கத்துக் கோபுரங்கள் எல்லாம் வாயடைத்துப்போய், ஆஸ்பத்திரியில் ஒருநாள் முழுக்க யாருக்கும் போன் போகவில்லை. உள்ளே ஒருவர் கண் மூடிய சேதி வாசலில் நின்ற மகனுக்குக் கால்நடையாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் சக்தியைக் குறைத்தார்கள். அந்த ஒருநாளில் நடந்த மூன்றாவது சோதனையிலும், பாலத்தில், மகளைப் பற்றிய பேச்சை எடுத்த இடத்தில் அழைப்பு அறுந்தது.

வீட்டில் தனியாக உட்கார்ந்து முத்திரையார் யோசித்தார். "அவ உங்களை" என்ன? மறந்துவிட்டாளா, மன்னித்துவிட்டாளா? "காலையில அவ என்கிட்ட" என்ன? அழுதாளா, சிரித்தாளா? மூன்று துண்டு வாக்கியங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை பொழுது ஓட்டுவது. மருமகனை நேரில் கேட்கலாம். கேட்பதென்றால் 'மருமகன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். படிவத்தில் "இல்லை" என்று எழுதிய கை அது. சோதனையில் தானாக வந்து காதில் விழுந்தால் குற்றமில்லை. அதனால் இந்தப் போன் தேற வேண்டும் என்று அவரைப் போல யாரும் விரும்பவில்லை. அந்த விருப்பமே லஞ்சம் போல உறுத்தியதால் அவரைப் போல யாரும் கடுமையாகச் சோதிக்கவும் இல்லை.

பிரிவுத் தலைவர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த மாதத்துக்குள் போன் தேறாவிட்டால் அந்தக் கம்பெனி இந்த ஊர் அலுவலகத்தை மூடிவிடும், ஆட்களைக் கடல் தாண்டித் தலைமையகத்துக்கு மாற்றிவிடும் என்றார். மாறுகிறவர்கள் குடும்பத்தோடு போவார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. முத்திரையாருக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. வேறு ஒருவரை வைத்து ஒருமுறை பார்த்துவிடலாமே என்று தலைவர் மெல்ல இழுத்தார்.

பக்கத்து மேசை அம்மையார் போனார். தன் முழங்கால் வலியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அந்தப் பக்கம் மருமகன் நாற்பது நிமிடம் உச்சுக்கொட்டினான். பாலத்தில் மூன்று தரம் போய் வந்தார்கள். அழைப்பு அசையவில்லை.

"போதும் சார். கையெழுத்தைப் போட்டுடுங்க. எல்லாருக்கும் நிம்மதி," என்றார் தலைவர்.

"என் காதுல மூணு தடவை செத்திருக்கு சார்."

"அவங்க காதுல உயிரோட இருந்துச்சே?"

"அப்ப அவங்களையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க. என் பேர் இருக்கிற இடத்துல என் காதுதான் பேசும்."

தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அதிகாரி பதவிக்குத்தான் முத்திரை, அம்மையாருக்கு அது கிடையாது. வேறு வழியில்லாமல் இன்னும் ஒரே ஒரு சோதனைக்கு நாள் குறித்தார்கள்.

நான்காவது சோதனைக்கு முத்திரையார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது. போனைப் புதிதாக மாற்றியிருந்தார்கள், மென்பொருளைப் பழையபடி ஆக்கியிருந்தார்கள், பாலத்தருகே இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே குடையின் கீழ் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்கள் முடிந்தன. வெயில் முடிந்தது. பாலம் ஏறி, பாதி கடந்து, முக்காலும் கடந்தாகிவிட்டது. மருமகன் எதுவும் பேசாமல் வெறும் சாலையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். முத்திரையாருக்குப் பொறுக்கவில்லை.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டார். பதிவாகிற பேச்சில், படிவத்துக்கு வெளியே, முப்பத்தொரு வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

மருமகன் அவசர அவசரமாக, "மாமா, நாங்க போறதா இருந்தாலும் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவ..."

அறுந்தது.

முத்திரையார் பத்து நொடி காத்தார். இடமும் நேரமும் எழுதினார். அலுவலகம் போய், தகுதியற்றது என்று எழுதி, தந்தையின் பேனாவால் கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். தந்தையாக இருந்தால் கை நடுங்கியிருக்குமா என்று ஒரு கணம் தோன்றியது. நடுங்கியிருக்காது என்று முடிவு கட்டி நிமிர்ந்து நடந்தார். அன்றைக்கு அலுவலகத்தில் யாரும் அவரோடு பேசவில்லை.

மூன்று வாரம் கழிந்தது. தோற்ற போனை உறையிலிட்டு அரக்கு வைத்து அதைச் செய்தவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் விதி. அதே சோதனை வண்டியில், அதே டிரைவரோடு முத்திரையார் போனார். போன் கம்பெனியின் வாசல் பூட்டிக் கிடந்தது. வெளியே எடுத்து வைத்திருந்த நாற்காலிகளை ஒருவர் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசி ஆட்களும் இன்று பதினோரு மணி விமானத்தில் போகிறார்கள் என்றார் அவர்.

மணி பத்து ஐம்பது.

முத்திரையார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் கிளப்பப் போனார். இவர் வேண்டாமென்று கை காட்டினார். மடியிலிருந்த உறையைப் பார்த்தார். பிறகு அரக்கை உடைத்தார். சோதனைப் போனில் ஒரே ஓர் எண்தான் இருந்தது, மருமகனுடைய செல்போன் எண். சொந்தப் பேச்சுக்குச் சோதனைப் போனைத் தொடுகிறவனை வேலையை விட்டே அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை எழுதியவர் அவர். அந்த எண்ணை அழுத்தினார்.

"சார்," என்றான் மருமகன், பழக்கத்தில்.

"மாமான்னே சொல்லுங்க," என்றார்.

மருமகன் தணிந்த குரலில், "விமானத்துல உக்காந்துட்டோம் மாமா. போனை அணைக்கச் சொல்லிட்டு வர்றாங்க. ஒரு நிமிஷம், அவகிட்டத் தர்றேன்" என்றான்.

ஏதோ உரசும் சத்தம். ஒரு மூச்சு. இரண்டு வருடமாகக் கேட்காத குரல்.

"அப்பா, நான் உங்ககிட்ட..."

அறுந்தது.

பத்து நொடி காத்தார், பழக்கத்தில். பிறகு இன்னொரு விதியையும் மீறி மறுபடி கூப்பிட்டார். போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொன்னது. மறுபடி கூப்பிட்டார். அதே மரியாதை.

வெகுநேரம் கழித்துத் தலை நிமிர்ந்தார். பாலம் ஒரு மைலுக்கு அப்பால் இருந்தது. வண்டி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. எதிர்க் கட்டடத்தின் உச்சியில், கல்லெறிந்தால் விழும் தூரத்தில், அவர்களுடைய கோபுரமே நின்றுகொண்டிருந்தது. ஒரு கையை விட்டு இன்னொரு கையைப் பிடிக்கும் வேலையே இல்லாத இடம். அங்கேயும் அறுந்துவிட்டது. எல்லாம் போன பிறகு அந்த ஒன்றுதான் அவர் கையில் மிச்சம். அதை அவர் விடவில்லை.

"பார்த்தியாப்பா?" என்றார் டிரைவரிடம். குரல் உடைந்திருந்தாலும் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. "நின்ன இடத்துலயே செத்துப் போச்சு. மோடம் மட்டம். நான் எழுதினது சரிதான்."

டிரைவர் சோதனை வண்டியில் வாய் திறந்து பழக்கமில்லாதவர். முன் கண்ணாடியில் அவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு அவருடைய கையைப் பார்த்தார்.

"போன் மேல தப்பில்லீங்க ஐயா. அஞ்சு தடவையும் கண்ணாடியில பார்த்தேன், பொண்ணு பேச்சு வந்த உடனே எங்க நழுவிடுமோன்னு நீங்க ரெண்டு கையாலயும் அதை இறுக்கிப் பிடிச்சுக்கறீங்க, ஓரத்துல இருக்கிற பட்டன் அமுங்கி லைன் கட்டாயிடுது."