மணியடித்தால் ஏறும் சைக்கிள்

"மணியை ஒரு தரம் அடிச்சா மோட்டார் மெதுவா ஓடும். ரெண்டு தரம் அடிச்சா வேகம் எடுக்கும். இவ்வளவுதான் சார் விஷயம்," என்றார் வாடகை சைக்கிள் கடைக்காரர், குரலைத் தணித்துக்கொண்டு.

தையல்காரர் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"மோட்டார் எங்க இருக்கு?"

"பின் சக்கரத்து அச்சுக்குள்ள. பேட்டரி இந்தக் குழாய்க்குள்ள. வெளியில தெரிஞ்சா வீட்டம்மா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நேத்து போன்ல நாலு தரம் சொன்னீங்களே."

"சத்தம் வருமா?"

"கூர்ந்து கேட்டா லேசா வரும்."

"அவளுக்கு அடுத்த வீட்டுல பால் பொங்கினாலே கேக்குமேப்பா."

"அப்படின்னா ஏதாவது பாடிக்கிட்டே ஏறுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. வேகத்துலயே வச்சு ஓட்டாதீங்க, பாதி வழியில பேட்டரி உக்காந்துடும். மேல் வாசல்ல என் சம்சாரம் இருப்பா. வண்டியை அவகிட்ட விட்டுட்டு பஸ்ல இறங்கிடலாம்."

அதற்குள் தையல்காரரின் மனைவி நுழைவுச் சீட்டோடு வந்துவிட்டாள். கடைக்காரர் சட்டென்று டயரை அமுக்கிக் காற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

தையல்காரர் ஒன்றும் திருட்டுப் புத்திக்காரர் இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவர், ஊசியும் கையுமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் கம்பிச் சுருள் வைத்து அனுப்பினார்கள். போன மாதம் அதே டாக்டர் அவரை ஓட விட்டு, ஏற விட்டு, எல்லாம் பார்த்துவிட்டு, "இனிமே நீங்க மலையே ஏறலாம்" என்றார். டாக்டர் சொன்னால் ஆயிற்றா? தையல் கடைச் சாவி இருந்தது மனைவியின் கைப்பையில்.

கடை பூட்டிக் கிடந்தது. வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்த் தெருவுக்கு நகர்ந்தார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் திரைகளுக்கு மூன்றாம் முறையாக ஓரம் அடித்தார். திரைகள் குட்டையாகிக்கொண்டே போய், ஜன்னலுக்கு அரைக்கால் சட்டை போட்டது போல ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் மனைவி மனம் இறங்கினாள்.

"டாக்டர் மலை ஏறலாம்னாருல்ல? தேசியப் பூங்காவுல கீழ் வாசல்லருந்து மேல் வாசலுக்குப் பதினாலு கிலோமீட்டர். சைக்கிள்ல, எங்கயும் இறங்கித் தள்ளாம ஏறிக் காட்டுங்க. சாவி உங்களுக்கு. நானும் கூட வரேன். வழியில விழுந்து வச்சா யாரு பாக்கறது?"

அவருக்கு உள்ளுக்குள் உதறல். அதனால்தான் இந்த மோட்டார்.

முதல் வளைவிலேயே ஏற்றம் செங்குத்தாக நின்றது. ட்ரிங் ட்ரிங் என்று இரண்டு தரம் அடித்து மிதித்தார். சைக்கிள் ஏறியது. 'அடடா, என்ன மாதிரி மோட்டார்' என்று நினைத்துக்கொண்டார்.

"எதுக்கு மணி அடிக்கிறீங்க? ரோட்டுல ஈ காக்கா இல்ல."

"திடீர்னு மான் குறுக்க வந்துட்டா?"

"அது வந்தா உங்களைப் பாத்துட்டு அதுவே போயிடும்."

சத்தத்தை மறைக்க வேண்டுமே என்று பாட ஆரம்பித்தார். பாதி வரி மறந்து, மீதியை 'லாலா' போட்டு நிரப்பினார். கிண்டல் செய்யப் போகிறாள் என்று பார்த்தால், அவளும் சேர்ந்து பாடினாள். சும்மா முணுமுணுப்பு இல்லை, மரத்திலிருந்த பறவை எழுந்து போகிற மாதிரி. கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவரோடு சேர்ந்து பாடியதே கிடையாது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று குறுகுறுத்தது.

ஆனால் ஒரு சங்கதி மட்டும் புரியவில்லை. அவள் எப்போதும் இரண்டு சைக்கிள் தூரம் முன்னாலேயே போனாள். வீட்டில் நாலு படி ஏறினால் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவள், இங்கே கடிதம் எழுதுகிற சாவகாசத்தோடு மிதித்தாள். 'முட்டி வலியெல்லாம் என்னைக் காய்கறி வாங்க அனுப்பத்தான் போல' என்று நினைத்துக்கொண்டு, அவளைப் பிடிக்க மறுபடி மணி அடித்தார். ஒவ்வொரு வளைவிலும் அடித்தார். வளைவில்லாத இடத்திலும் அடித்தார்.

எட்டாவது கிலோமீட்டரில், காவல் குடிசையிலிருந்து வனக்காவலர் இறங்கி வந்து கை காட்டி நிறுத்தினார்.

"யாரு சார் அந்த மணி? அரை மணி நேரமாக் கேட்டுக்கிட்டே வருது. மானெல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. காலையில தண்ணி குடிக்க வந்த கூட்டம் சார் அது."

"தெரியாம அடிச்சுட்டேங்க."

"தெரியாம நாப்பது தரமா?" காவலர் சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, இதுல மோட்டார் எதுவும் இருக்கா? இருந்தா இதுக்கு மேல விட மாட்டோம்."

தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"மோட்டாரா? இந்த மனுஷன் நெஞ்சுல கம்பி வச்சு ஏழு மாசம் ஆகுது. சொந்தக் காலால ஏறிக் காட்டறேன்னு வந்திருக்காரு. அவரைப் பாத்து இப்படிக் கேக்கலாமா? உங்க வீட்டுல பெரியவங்க இல்லையா?"

காவலர் வெலவெலத்துப் போனார். "மன்னிச்சுக்கங்கம்மா, கேக்கணும்னு உத்தரவு" என்றவர், ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, ஸ்பேனரைக் கொண்டுவந்து மணியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தையல்காரர் பாவம், மனசுக்குள் கணக்குப் போட்டார். கடைசியாக அடித்தது இரண்டு தரம். அப்படியென்றால் மோட்டார் வேகத்தில் இருக்கிறது. மெதுவாக்க மணி இல்லை. இன்னும் ஆறு கிலோமீட்டர். பேட்டரி உட்கார்ந்துவிடுமே.

அவருக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. தானே பலமாக மிதித்தால் மோட்டாருக்கு வேலை குறையும். பேட்டரி மிச்சமாகும்.

மிதித்தார். எழுந்து நின்று மிதித்தார். மனைவி திரும்பிப் பார்த்து, "என்னங்க, மெதுவா, மெதுவா" என்றாள்.

"மெதுவாப் போகக் கூடாதும்மா."

பாரத்தைக் குறைக்கலாம் என்று அடுத்த யோசனை. "இந்தச் சாப்பாட்டுப் பையை நீ வச்சுக்கறியா?" என்றார். "கொடுங்க" என்று மறு பேச்சில்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டாள். தண்ணீர் பாட்டில் கனக்கிறதே என்று ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தார். குடித்த தண்ணீரும் அதே சைக்கிளில்தான் வருகிறது என்பது அரை கிலோமீட்டர் கழித்துத்தான் உறைத்தது. அதுவும் குலுங்கிக் குலுங்கி வந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் சைக்கிள் கல்லாய்க் கனத்தது. பேட்டரி போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்தார். இதோ தீரப் போகிறது, இதோ தீரப் போகிறது என்று எண்ணி எண்ணி மிதித்ததில், எதிரே மேல் வாசல் வந்து நின்றது. காலை ஊன்றி நின்றார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அது தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

மனைவி வாசலோரத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"உங்களை ஆஸ்பத்திரிக் கட்டில்ல பாத்த நாள்லருந்து ராத்திரி எழுந்து எழுந்து மூச்சு வருதான்னு பாப்பேன். உங்களுக்குத் தெரியாது. இனிமே பாக்க மாட்டேன். போய்க் கடையைத் திறங்க."

அவர் கை நீண்டது. பாதியில் நின்றது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சாவியை வாங்க முடியவில்லை.

"உள்ளயே வை," என்றார். "நான் உன்னை ஏமாத்திட்டேன். என் வண்டியில மோட்டார் இருக்கு. மணி அடிச்சா ஓடும். நான் எங்க ஏறினேன், அதுதான் ஏத்திச்சு."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். அவளோ தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டேன். ரெண்டு வார்த்தை திட்டிடு, மனசு ஆறும்."

"எதுக்குங்க திட்டறது?" என்றாள். இத்தனை மெல்லிய குரல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

சைக்கிள்களை வாங்கிக்கொள்ள வந்த கடைக்காரர் மனைவி, ஒரு கையில் நோட்டும் மறு கையில் சார்ஜர் வயருமாக நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வயரைக் கொண்டுபோய் தையல்காரரின் மனைவி ஓட்டி வந்த சைக்கிளில் சொருகிவிட்டு, நிமிர்ந்து சொன்னாள்:

"எங்க கடையில மோட்டார் வச்சது இந்த ஒரே வண்டிதான் சார். போன வாரமே இந்த அம்மா நேர்ல வந்து, சார்கிட்ட மூச்சு விடாதீங்கன்னு சொல்லி, தனக்குன்னு பதிஞ்சு வச்சுட்டுப் போயிட்டாங்க."