தொகுதிக்கு ஒரு பல் செட்

"டாக்டர், மூணு மணிக்கு மெம்பர் பேசியாகணும்" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் கைக்குட்டையை மேசைமேல் பிரித்தார். உள்ளே ஒரு பல் செட் இரண்டாகக் கிடந்தது.

பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். மேல் வரிசை. நட்டநடுவில் பிளந்திருந்தது.

"எப்படி ஆச்சு?"

"வண்டியில நின்னு பேசிட்டிருந்தார். 'அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே'ன்னு கொஞ்சம் அழுத்திச் சொல்லிட்டார். அவருக்கு முன்னாடி பல்லு ஜனங்ககிட்ட போயிடுச்சு. நல்லவேளை, எதிர்க்கட்சிக்காரன் கையில சிக்கலை."

அவருக்குப் பின்னால், வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெம்பர் நின்றார். தொகுதியிலிருந்து மூன்று முறை சட்டசபைக்குப் போனவர். நான்காவது முறைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. பெரிய உருவம், குழந்தை முகம்.

"பவ்வாயில்ல, தாக்தரம்மா. மெதுவா தெய்ங்க" என்றார்.

"மெதுவாவா? மணி ஒண்ணு!" என்று செயலாளர் பாய்ந்தார்.

டாக்டருக்கு மறுக்க மனம் வரவில்லை. அவளும் அதே தொகுதிதான். மூன்று முறையும் அவருக்கே ஓட்டுப் போட்டவள். கிளினிக் வாசலில் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்று போன தேர்தலில் அவரிடம் முறையிட்டாள். மைக்கில் அவர் ஏதோ சொன்னார், தெருவே கைதட்டியது. தெரு இன்னும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் நல்ல மனுஷன், இந்தத் தடவை கட்டாயம் செய்வார் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

வரிசையில் காத்திருந்தவர்களை எல்லாம் சாயந்திரம் வரச்சொல்லிவிட்டு, உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டினாள். அவசரத்தில் முன்பற்களுக்குப் பின்னால் கொஞ்சம் தடிப்பாகிவிட்டது. தேய்த்துச் சரிசெய்ய நேரமில்லை. செயலாளர் பல்லையும் மெம்பரையும் அள்ளிக்கொண்டு ஓடினார்.

மூன்று மணிக்குத் தெருமுனை ஒலிபெருக்கி உயிர் பெற்றது. டாக்டரின் உதவியாளர் ஜன்னலைத் திறந்தாள். எந்நேரமும் கையில் பஞ்சு வைத்திருப்பதால் அவளுக்குப் பஞ்சு என்றே பெயராகிவிட்டது.

"சகோதர சகோதரிகளே" என்று மெம்பர் ஆரம்பித்தார்.

'ச' வரவில்லை. அந்த இடத்தில் காதைத் துளைக்கும் ஒரு விசில் வந்தது. அடுத்த 'ச'வுக்கு இன்னொரு விசில்.

மேடைக்கு முன்னால் இருந்த தொண்டர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். தலைவரே விசில் அடிக்கும்போது நாம் சும்மா இருப்பதா என்று தோன்றியிருக்க வேண்டும். அவர்களும் இரண்டு விரலை வாயில் விட்டு அடித்தார்கள். அக்கம்பக்கத்து நாய்கள் எல்லாம் யாரோ தங்களைக் கூப்பிடுவதாக எண்ணி மேடையைச் சுற்றிக் கூடிவிட்டன. மெம்பர் 'சாலை', 'சாக்கடை', 'சுகாதாரம்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கூட்டம் விளையாட்டு மைதானம் மாதிரி ஆகிவிட்டது.

"மேடம், அவர் இதுவரைக்கும் என்ன சொன்னார்?" என்றாள் பஞ்சு.

"ஜன்னலை மூடு" என்றாள் டாக்டர்.

ஆறு மணிக்குச் செயலாளர் வந்தார். கையில் இருந்த போனை நீட்டினார். தொகுதி முழுக்க அந்த வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது.

"குக்கர்னு பேர் வச்சிட்டாங்க டாக்டர். 'எத்தனை விசிலுக்கு அப்புறம் இறக்கலாம்?'னு கேக்கறானுங்க."

டாக்டர் பல்லை வாங்கி உட்புறத்தைத் தேய்த்தாள். விசில் போனது. கூடவே பிடிமானமும் போனது. வாயில் வைத்தால் கதவில்லாத வீட்டில் பூனை மாதிரி உள்ளே வெளியே போய்வந்தது.

"இந்தப் பசையை ஒரு பட்டாணி அளவு தடவி வச்சுக்கச் சொல்லுங்க. பட்டாணி அளவுதான், ஞாபகம் இருக்கட்டும்" என்று ஒரு குழாயைக் கொடுத்தனுப்பினாள்.

செயலாளர் எதிலும் தாராளமானவர். பட்டாணி அளவுக்கே ஒட்டுமென்றால் முழுக் குழாய்க்கு எப்படி ஒட்டும் என்று கணக்குப் போட்டார். மறுநாள் காலை சந்தைக்கு வந்த மெம்பரின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன.

"ஐயா, எங்க கடைக்கெல்லாம் கூரை போட்டுத் தருவீங்களா?" என்று காய்கறிக்காரி கேட்டாள்.

"ம்ம்ம்" என்றார் மெம்பர். பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார்.

"ரெண்டு பக்கமும் கூரையாம்!" என்று அவள் கத்த, சந்தை அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது.

கிளினிக்குக்கு அழைத்துவந்து, வெந்நீர் வைத்து வைத்து வாயைத் திறப்பதற்குள் டாக்டருக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. அதற்குள் எதிர்க்கட்சிச் சுவரொட்டி தயாராகிவிட்டது: 'பேசா மடந்தைக்கா உங்கள் ஓட்டு?'

அன்று வீட்டுக்குப் போனால், கணக்கு வாத்தியாரான கணவர் கதவிலேயே பிடித்துக்கொண்டார்.

"நீ பல் டாக்டரா, இல்ல எதிர்க்கட்சியில சேர்ந்துட்டியா? ஸ்கூல்ல எல்லாரும் கேக்கறாங்க. 'உங்க வீட்டம்மாதான் மெம்பர் வாயைக் கட்டினாங்களாமே, எங்க வீட்டுக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க'ங்கறான் டிராயிங் மாஸ்டர்."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. இன்னைக்கு ஏழு பேஷண்ட் வரலை. தெரியுமா?"

"வருவாங்களா பின்னே? ஒட்டின வாய் திறக்கலைன்னா அவங்களுக்குச் சோறு யார் போடுவா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. படித்த படிப்பென்ன, பழகிய தொழிலென்ன, ஒரு வாய்ப் பல்லுக்கு இந்தப் பேரா? விடிந்ததும் செயலாளருக்குப் போன் போட்டாள்.

"ஒட்டு வேலை எல்லாம் போதும். புதுசாவே செய்யறேன். அவரை என்கிட்ட விட்டுடுங்க."

"பிரசாரம்?"

"ஊமையா நின்னு கையாட்டறதுக்குப் பேரு பிரசாரமா? அனுப்புங்க இங்க."

மெம்பர் வந்து நாற்காலியில் சமர்த்தாகச் சாய்ந்தார். அளவு எடுத்தாள். பழைய செட்டை விளக்குக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயா, இது உங்க வாய்க்குச் செஞ்சதே இல்லீங்க. யாரோ ஒரு யானைக்குச் செஞ்சது. இதை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் மேடையில பேசினீங்க? சொல்லோட வாலெல்லாம் தொண்டைக்குள்ளேயே விழுந்திருக்குமே?"

மெம்பரின் கண்கள் விரிந்தன. இத்தனை காலம் யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டாள் போல, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் தாக்தரம்மா… நான் தொல்றது ஒதுத்தருக்கும்…"

"வாயை மூடாதீங்க, மெழுகு வச்சிருக்கேன்" என்று அவள் அதட்டினாள். பாவம், அவர் மறுபடி வாயைப் பிளந்துகொண்டார்.

மெழுகில் பல்லைப் பதித்துப் பேசவைத்துப் பார்க்கும் கட்டம் வந்தது. அதுதான் உயிர்நாடி.

"சட்டசபை. சொல்லுங்க."

"தத்ததபை."

இரண்டு பல்லைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"சட்டசபை."

"சத்தசபை."

"அதுவும் சரிதான்" என்று பஞ்சு முணுமுணுத்தாள்.

"நீ சும்மா இரு. ஐயா, இன்னொரு தடவை."

பொழுது சாய்வதற்குள் அந்த வார்த்தையை எத்தனை முறை சொன்னாரோ, எதிர்த்த தையல்கடையில் இருந்தவர் உள்ளே சட்டசபைதான் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். டாக்டர் சுரண்டினாள், நிமிர்த்தினாள், ஏற்றினாள், இறக்கினாள். மற்ற நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

புதுச் செட் தயாரான அன்று, மெம்பர் அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"சட்டசபை" என்றார்.

வெண்கல மணி அடித்த மாதிரி இருந்தது. பஞ்சு கையில் இருந்த பஞ்சைக் கீழே போட்டுவிட்டு டாக்டரைக் கட்டிக்கொண்டாள். மெம்பரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"டாக்டரம்மா, என் பேச்சை நானே இப்பத்தான் கேக்கறேன்."

கடைசிப் பொதுக்கூட்டத்துக்கு டாக்டர் கணவரையும் இழுத்துக்கொண்டு போனாள். முன் வரிசை. மெம்பர் எழுந்து மைக்கைப் பிடித்ததும் அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். பெற்ற பிள்ளை பரீட்சை எழுதும்போதுகூட அவள் அப்படித் தவித்ததில்லை.

"சகோதர சகோதரிகளே!"

இரண்டு 'ச'வும் சுத்தம். அவள் கணவரின் தொடையைக் கிள்ளினாள்.

அதற்குப் பிறகு அவர் ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று அவளைக் கேட்டால் தெரியாது. அவள் எழுத்துகளை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தாள். 'சாலை' வந்தது, பிசிறில்லை. 'சந்தைக் கூரை' கண்ணாடி மாதிரித் தெளிவு. 'செலவு', 'சுமை', 'சத்தியமா' எல்லாம் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. சொற்களின் வால்கள்கூட ஒன்று பாக்கியில்லாமல் வெளியே வந்து விழுந்தன.

கூட்டத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு கைதட்டல் இல்லை, ஒரு விசில் இல்லை.

"பாருங்க, எப்படிக் கட்டுண்டு போய் உக்காந்திருக்காங்க!" என்று அவள் கணவரிடம் கிசுகிசுத்தாள். மேடை ஓரத்தில் செயலாளர் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தார். பாவம், மனுஷன் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

வாக்கு எண்ணிக்கை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மெம்பர் தோற்றார். சும்மா தோற்கவில்லை, டெபாசிட் தப்பியதே புண்ணியம்.

"எல்லாம் அந்த விசிலால வந்த வினை" என்று டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். "முதல் நாளே புதுசு செஞ்சிருந்தா ஜெயிச்சிருப்பார். அவசரப்பட்டு ஒட்டினேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்றார் கணவர். அவர் அப்படிச் சொன்னால் நிறையச் சொல்கிறார் என்று அர்த்தம்.

ஒரு வாரம் அவள் கிளினிக் கதவை ஒருக்களித்தே வைத்திருந்தாள். வாசலில் நாலு பேர் நின்று பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. அந்தச் சமயத்தில்தான், கடைவாய்ப் பல் வலி என்று மெம்பரின் மனைவி வந்தார். ஒடிசலான அம்மாள். அதிகம் பேசாதவர் என்று ஊரில் சொல்வார்கள்.

டாக்டர் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். கருவியை எடுத்தாள். கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, முதல்ல என்னை மன்னிச்சிடுங்க. அந்த விசிலால ஐயா தோத்துட்டார்."

"விசிலாலயா? நல்லா சொன்னீங்க போங்க. அன்னிக்குத்தான் இன்னும் ரெண்டு தெரு நம்ம பக்கம் வந்துச்சு."

"அப்போ அந்தப் பசை?"

"அதுக்குச் சந்தை மொத்தமும் வந்துச்சு."

டாக்டருக்கு முகம் வெளிறியது. "அப்படின்னா நான் புதுசா செஞ்ச செட்லயா குறை?"

"சேச்சே, அதுல ஒரு குறையும் இல்லம்மா" என்றார் அந்த அம்மாள், பல்லைக் காட்ட வாயைப் பிளப்பதற்கு முன். "பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு மேடையிலயும் 'அதுக்குப் பணம் இல்ல, என்னால முடியாது'ன்னுதான் அந்த மனுஷன் சொல்லிட்டிருந்தார், நீங்க பல்லைச் சரி பண்ணின அன்னிக்குத்தான் அது ஜனங்க காதுல விழுந்துச்சு."