டேப் அண்ணன் வாங்கிய காற்றுப் படகு

தர்பூசணி வாங்கப் போகும்போது அளவு டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போன மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் டேப் அண்ணன் ஒருவர்தான். பழத்தைத் தட்டிப் பார்க்க மாட்டார், சுற்றளவு எடுப்பார். "இனிக்குதா இல்லையாங்கிறது அப்புறம். ஃப்ரிட்ஜுக்குள்ள போகுமா, அதைச் சொல்லுங்க" என்பார் கடைக்காரரிடம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் அவருக்கும் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கும் ஒரே அறை, ஓர் அடுப்படி. பக்கத்து வீட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். நான் ஓட்டல் வரவேற்பில் வேலை பார்த்தேன். அவர் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில். விருந்தாளி வந்தால்கூட உயரம் கேட்டுவிட்டுத்தான் பாய் விரிப்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் படகு ஆசை வந்தது.

பூம்பாறைப் பக்கம் நண்பர் ஒருவரின் தோட்டத்தில் பெரிய குளம். ஞாயிறு பூசை முடிந்ததும் தூண்டிலோடு கிளம்புவார், வெறுங்கையோடு திரும்புவார். "மீனெல்லாம் நடுவுல கெடக்கு தம்பி. நான் கரையில கெடக்கேன்" என்றார் ஒருநாள். காற்றடிக்கிற படகு வாங்கப் போவதாகவும் சொன்னார்.

ஸ்டெல்லா அக்கா ஒரே நிபந்தனை போட்டார். "கட்டிலுக்கு அடியில எடம் இருக்கு. அதைத் தாண்டி ஒரு சாண் வெளிய வந்துச்சு, படகோட நீங்களும் வெளிய போயிருங்க."

டேப் அண்ணன் கட்டிலுக்கு அடியில் படுத்தே அளந்தார். அதன்பிறகு இரண்டு மாதம் போனும் கையுமாக ஆராய்ச்சி. பலகைத் தரை போட்ட படகு உறுதியானது. ஆனால் பலகை மடங்காது. ஒற்றை ஆள் படகு தலையணை அளவுக்குச் சுருங்கும். ஆனால் தாங்கும் எடை அவர் எடையைவிட இரண்டே கிலோ அதிகம். "மூணு கிலோ மீனு மாட்டுச்சுன்னா நானுல்ல இறங்கி நிக்கணும்?" கடைசியில் தரையும் காற்றிலேயே நிற்கிற படகைத் தேர்ந்தெடுத்தார். சுருட்டினால் ஒரு பூண்டு மூட்டை அளவுதான்.

அப்போதும் உடனே வாங்கவில்லை. அதே அளவுக்கு ஒரு கம்பளி மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "ஒரு மாசம் படகு இருக்கிற மாதிரியே இருந்து பாப்போம்."

படகு வந்தது. கச்சிதமாக உள்ளே போனது. அந்த ஞாயிறு மூன்று கெண்டை மீனோடு வந்தார். தெருவே வாசனை பிடித்தது.

மறுநாள்தான் விஷயம் புரிந்தது. காய்ந்த படகுக்குத்தான் அவர் அளவு எடுத்திருந்தார். படகோ நனைந்து வந்திருக்கிறது. ஈரத்தோடு மடித்தால் பூசணம் பிடிக்கும். வெளியே காயப்போடலாம் என்றால் மூடுபனி விலகுவதாக இல்லை. வேறு வழியில்லாமல் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டு, எட்டடிப் படகுக்கு அறைக்குள்ளேயே காற்றடித்து நிறுத்தினார். அவர் படுக்கை அடுப்படிக்குப் போனது.

காலையில் எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா அக்கா படகுக்குள் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"கப்பல்ல போயிட்டிருக்கேன் தம்பி. ஊரு வந்ததும் எறங்கிக்கிறேன்."

நாலாம் நாள் டேப் அண்ணனே மனம் ஒடிந்து, போனில் படகைப் படம் போட்டு விற்பனைக்கு வைத்தார். டேப்பை ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் சட்டைப்பையோடு வேலைக்குப் போனார். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

சாயங்காலம் பஜாரிலிருந்து ஒரு கடைக்காரர் ஜீப்போடு வந்தார். டேப் அண்ணன் பேச வாயெடுக்கும் முன் ஸ்டெல்லா அக்கா குறுக்கே வந்தார்.

"படகு விக்கிறதுக்கு இல்லைங்க. கட்டில் இருக்கு, வேணுமா?"

"என்ன ஸ்டெல்லா?"

"அந்தக் கட்டில்ல படுத்துப் படுத்து என் இடுப்பே போச்சு. நாலு நாளா அந்தக் காத்துத் தரையில படுத்து எந்திரிக்கிறேன், வலியே தெரியல. பேசாம இருங்க."

படகு வாங்க வந்தவர் கட்டிலை ஏற்றிக்கொண்டு போனார். அன்று முதல் கட்டில் இருந்த இடத்தில் படகு காய்ந்தது; அதன் தரையைத் தனியே கழற்றி எடுத்து ஸ்டெல்லா அக்கா மெத்தையாக்கிக்கொண்டார். ஞாயிறுதோறும் வெள்ளனே சுவர் வழியாகக் குரல் கேட்கும்: "ஸ்டெல்லா, வெரசா எந்திரி. படகுக்குத் தரை வேணும்."

இப்போது நான் மதுரையில் வேறு வேலையில் இருக்கிறேன். போன வாரம் டேப் அண்ணன் போன் செய்தார். வழக்கம்போல மீனைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு, "உங்க வீட்டுக்கு வேற ஆளு வந்தாச்சு தம்பி. நல்ல பையன்தான், ஆனா நம்ம சொல்றதுக்குச் சிரிக்க மாட்டேங்கிறான்" என்றார்.

போனை வைத்ததும் லீவு சொல்லிவிட்டு, கொடைக்கானல் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தேன்.