உமி மேட்டுக் கல்வெட்டு

வரலாறு படித்தால் பைசா தேறாது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் படித்த எம்.ஏ. வரலாற்றால் ஒருவருக்குப் பாதி ரைஸ் மில் கிடைத்திருக்கிறது. அந்த ஒருவர் நானில்லை என்பதுதான் அதில் ஒரு சின்னக் குறை.

தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது. என் வயதுப் பிள்ளைகளெல்லாம் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானோ, சோழர் காலத்து நிலவரியைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். (ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்லியும் பார்த்தேன்.)

அப்பா பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று யாராவது விசாரித்தால், "எம்.ஏ." என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் ஒரு மோட்டாரை ஓடவிடுவார்.

அவருடைய பெரிய வாடிக்கையாளர் ரைஸ் மில் ரத்தினம் முதலாளி. மில்லுக்குப் பொன்விழா, அதே மேடையில் அவர் தொடங்கவிருந்த இன்ஜினீயரிங் கல்லூரியின் அறிவிப்பு என்று தடபுடலாக ஏற்பாடு நடந்தது. விழா மலரில் மில்லின் வரலாற்றை எழுத ஆள் வேண்டியிருந்தது.

"உங்க பொண்ணு சரித்திரம்தானே படிச்சிருக்கு? நல்லபடியா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. காலேஜ்ல லைப்ரரியன் வேலைய அதுக்கே போட்டுடுவோம்" என்றார் முதலாளி.

அப்பா கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு, அசோகா அல்வாவோடு வீட்டுக்கு வந்தார். என் படிப்புக்காக அவர் இனிப்பு வாங்கியது அதுதான் முதல் தடவை.

முதலாளி எனக்குச் சொன்ன வரலாறு மிகவும் சுருக்கமானது. "எங்கப்பா நடேசன் தனி ஆளா ஆரம்பிச்சாரு. நான் வளர்த்தேன். அவ்வளவுதாம்மா." அதை அப்படியே எழுதியிருந்தால் இன்று நான் ஒரு லைப்ரரியன். ஆனால் ஆதாரமில்லாமல் எழுதலாமா? நான் படித்தவளாயிற்றே. அளவெடுக்கும் டேப்பும் கையுமாக மில்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன். (பெரிய கோயிலைக்கூட அவ்வளவு பக்தியோடு சுற்றியதில்லை.)

பின்சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஓர் உமி மேடு இருந்தது. மற்ற உமியையெல்லாம் செங்கல் சூளைக்காரர்கள் லாரியில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இதை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று வரலாறு படித்தவள் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. உமி சரிந்த இடத்தில் எழுத்துப் பொறித்த கல் ஒன்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கையாலேயே தள்ளிப் பார்த்தேன். மில்லின் அடிக்கல்! இவ்வளவு அருமையான கல்லை இப்படி அலட்சியமாகப் போட்டுவைத்திருக்கிறார்களே என்று கோபம்கூட வந்தது. யாரிடமும் சொல்லாமல், விழாவில் முதலாளிக்கு இன்ப அதிர்ச்சி கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

விழா நாள் காலையில் பந்தல்காரர்களை வைத்து உமியை அகற்றினேன். கல்லைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு மாலையும் போட்டேன். பேச்செல்லாம் முடிந்ததும் மைக்கை வாங்கி, "நம் மில்லின் கல்வெட்டைக் காண எல்லோரும் பின்பக்கம் வாருங்கள்" என்றேன். முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். (ஆனந்தம் என்றுதான் நினைத்தேன்.)

கூட்டம் சேர்ந்ததும் கணீரென்று படித்தேன். "இவ்வாலைக்கு அண்ணன் நடேசனும் தம்பி கோவிந்தனும் சம பங்காளிகளாகச் சேர்ந்து நாட்டிய அடிக்கல்."

ஒருவரும் கை தட்டவில்லை. கூட்டத்திலிருந்து சின்னதுரை முன்னால் வந்தார். அந்தத் தம்பி கோவிந்தனின் மகன் அவர்தான். பக்கத்துத் தெருவில் மாவு மில் வைத்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவர்.

"இன்னொரு தடவ படிங்கம்மா" என்றார்.

படித்தேன். இந்த முறை இன்னும் நிறுத்தி, நிதானமாக.

அவர் போட்டோக்காரரைக் கூப்பிட்டு, "கல்லு மட்டும் தெளிவா விழுற மாதிரி ஒண்ணு எடுங்க தம்பி" என்றார்.

முதலாளி என் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். "எங்கப்பா காலத்துலேருந்து அந்த உமியப் பத்திரமா வச்சிருந்தோங்க" என்று மட்டும் சொன்னார்.

லைப்ரரியன் வேலை அங்கேயே போயிற்று. மில் மோட்டார்களும் வேறு கடைக்குப் போய்விட்டன. வீட்டுக்கு வந்ததும் அப்பா என் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கோ அழுகையாக வந்தது.

"கல்லுல இருந்ததத்தானே படிச்ச?"

"ஆமாப்பா."

"கொஞ்சம் சத்தம் கொறச்சுப் படிச்சிருக்கலாம்."

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. நான்தான் முக்கிய சாட்சி. என் படிப்பை மதித்து ஒருவர் என்னிடம் கேள்வி கேட்டது அன்றுதான். (நீதிபதி போதும் என்று கையைக் காட்டும்வரை பதில் சொன்னேன்.) கடைசியில் சமரசமாகி, சின்னதுரைக்குப் பாதி மில் வந்தது. மறுநாளே பொன்னி அரிசி மூட்டை ஒன்றோடு வீட்டுக்கு வந்தார். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம்.

"என் மாமனார் வீட்டுல பங்கு பிரிக்காத தோப்பு ஒண்ணு இருக்கும்மா. சும்மா ஒருநாள் வந்து சுத்திப் பாத்துட்டுப் போறீங்களா?"

அப்பா மூட்டையை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிட்டு, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

கதை சொந்தக்காரர்களிடமெல்லாம் பரவிவிட்டது. இன்றைக்கும் விருந்துக்குப் போன இடத்தில் கை கழுவ நான் கொல்லைப்பக்கம் எழுந்தால், "அவளத் தனியா விடாதீங்க, கூட ஒரு ஆளு போங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். வீடே சிரிக்கும். என் பெரியப்பா மகன் வீட்டில் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. அது எங்கள் தாத்தா கட்டிய வீடு. அங்கே நான் கொல்லைப்பக்கம் எழுவதற்குள்ளேயே எனக்குக் கை கழுவத் தண்ணீர் கூடத்துக்கே வந்துவிடுகிறது.