மாப்பிள்ளை லேமினேட் செய்த துண்டுச்சீட்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது.

என்னிடம் இருந்த ஒரே துப்பை நீங்கள் கரியாக்கிவிட்டீர்கள். விஷயம் இதுதான், முதலிலேயே சொல்லிவிட்டேன். நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை.

என் பழைய புரோகிராம் கால்குலேட்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதன் முதுகில் சின்னச் சின்னப் பொந்துகள் இருக்கும். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு மாட்யூலை அதில் செருகினால், அதுவரை தெரியாத கணக்கெல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். பாலம் கட்டுகிறவருக்கு ஒன்று, கப்பல் ஓட்டுகிறவருக்கு ஒன்று என்று தொழிலுக்கு ஏற்றபடி செய்து விற்றிருக்கிறார்கள். பழைய சாமான் கடையில் எனக்குக் கிடைத்ததில் லேபிள் தேய்ந்துபோயிருந்தது. செருகினேன். 'டபிள்யூ?' என்று கேட்டது. எடையைக் கேட்கிறதோ என்று என் எடையைப் போட்டேன். 'எம்?' என்றது. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்பதாக நினைத்து நாற்பத்திரண்டு போட்டேன். 'எஃப்?' என்றது. குடும்பத்தில் நாலு பேர், நாலு போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதினெட்டு கிலோ என்றது. எது பதினெட்டு கிலோ? அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராக்கெட்டுக்கு எரிபொருள் என்பது என் கணிப்பு. உங்கள் அத்தையோ, "ராக்கெட்டாம் ராக்கெட்டு. திங்கிற சாமானாத்தான் இருக்கும்" என்கிறாள். கல்லூரி வாசலை மிதிக்காமல், கையேட்டை வைத்துக்கொண்டே புரோகிராம் எழுதப் பழகியவன் நான். என்னிடம் வந்து திங்கிற சாமான் என்கிறாள்!

மாட்யூல் இருந்த டப்பாவில் அதை முன்பு வைத்திருந்தவர் விட்டுப்போன ஒரு துண்டுச்சீட்டும் இருந்தது. கால்குலேட்டரோடு மாட்டுகிற குட்டி பிரிண்டரில் அச்சடித்தது. அந்தப் பிரிண்டருக்கு மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கிற காகிதம்தான். எழுத்தெல்லாம் மங்கிப்போய்க் கிட்டத்தட்ட வெள்ளைத்தாள். லென்ஸை வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தட்டுத்தடுமாறி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் புது லேமினேஷன் மெஷினும் கையுமாக நீங்கள் வந்து இறங்கினீர்கள். அதை வாங்கிய நாளிலிருந்து உங்கள் கை சும்மா இருப்பதில்லை. கரண்ட் பில் போயிற்று, மருந்துச் சீட்டு போயிற்று, என் மகள் எழுதிய மளிகை லிஸ்ட்கூடப் போயிற்று. நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் துண்டுச்சீட்டும் போயிற்று. "மாமா, இனி நூறு வருஷம் ஆனாலும் இதுக்கு ஒண்ணும் ஆகாது!" என்று, முழுக்கக் கறுத்துப்போன சீட்டை நீட்டினீர்கள். வாஸ்தவம். ஆவதற்கு அதில் இனி என்ன இருக்கிறது? "ஏங்க, அது சூட்டுல கறுக்கிற காகிதமாச்சே!" என்று நான் அலற, "அதனாலதான் மாமா, சூட்டைக் கொறச்சு வச்சேன்" என்று சிரிக்கிறீர்கள். அதற்குமேல் அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, மேஜையில் குப்புறப் போட்டுவிட்டேன். இப்போது உங்கள் அத்தை அதன்மேல் டீ டம்ளர் வைக்கிறாள்.

ஆகவே, மெஷினை நீங்கள் பரண்மேல் ஏற்றிவிட வேண்டும். ஏணியை என் மகள் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை நீங்கள் வரும்போது பையை வாசலிலேயே திறந்து காட்ட வேண்டும், சோதிப்பது உங்கள் அத்தையின் பொறுப்பு. நான் உங்களோடு பேசுவதாக இல்லை. மற்றபடி இருவரும் நோய்நொடியில்லாமல் நூறாண்டு வாழ என் ஆசிகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற சமயத்தில் உங்கள் அத்தை டம்ளரை எடுத்துவிட்டு அந்தச் சீட்டைத் திருப்பித் துடைத்தாள். "இங்க வாங்களேன், கறுப்புக்குள்ள வெள்ளையா பொடிப்பொடியா ஏதோ தெரியுது" என்றாள். லென்ஸோடு ஓடினேன். காகிதம் முழுக்கக் கறுத்தபோது, முன்பே அச்சாகி மங்கிய இடங்கள் மட்டும் கறுக்காமல் நின்றிருக்கின்றன. ஓர் எழுத்து விடாமல் படிக்க முடிகிறது: டபிள்யூ என்றால் மாட்டின் எடை, எம் என்றால் பால் எத்தனை லிட்டர், எஃப் என்றால் பாலில் கொழுப்பு எவ்வளவு, விடை நாளொன்றுக்கு எத்தனை கிலோ தீவனம். இதன்படி நான் தினம் நாற்பத்திரண்டு லிட்டர் கறக்கிறேன். "என்னங்க போட்டிருக்கு?" என்று உங்கள் அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "இன்னும் சரியாத் தெரியலை" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மெஷினை ஏற்றியிருந்தால் நீங்களே இறக்க வேண்டும், ஏணியை என் மகளே பிடிக்க வேண்டும். டப்பாவின் அடியில் இன்னொரு வெள்ளைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் நீங்கள்தான் லேமினேட் செய்ய வேண்டும். சூட்டைக் குறைக்கக் கூடாது. அது திங்கிற சாமான்தான் என்று உங்கள் அத்தையிடமும் நீங்களே சொல்லிவிட வேண்டும், நான் வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து.