கரண்டியை வைத்தால் தட்டைக் காணோம்

பூண்டுலோயா,
1957 ஆனி மாதம்.

மரியாதைக்குரிய அண்ணன் செல்லசாமி அவர்களுக்குத் தங்கை சண்முகவடிவு எழுதிக்கொள்வது. ராகலையில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியாத்தாளை வேண்டுகிறேன். நான் சுகமாக இல்லை. பசியோடு இருக்கிறேன்.

மாப்பிள்ளை தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர், உனக்கு அடுப்பு ஊதும் வேலையே இல்லை என்று சொல்லித்தானே என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள்? அது வாஸ்தவம், அடுப்புப் பக்கம் அவர் என்னை விடுவதே இல்லை. போன மாதம் துரை லீவில் சீமைக்குப் போய்விட்டார். பங்களாவைப் பூட்டியாச்சு. வெள்ளைக்காரருக்குச் சமைத்த கை சும்மா இருக்குமா? இப்போது எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் எனக்குச் சமைக்கிறது. தேயிலைக் கொழுந்து பறித்து, மழையில் நனைந்து, அட்டைக்கடியோடு வந்து உட்கார்ந்தால் லீக்ஸ் தண்டு போட்டு ஒரு வெள்ளைத் தண்ணீர் வருகிறது. நான் அதைச் சோற்றில் ஊற்றலாம் என்று காத்திருக்கிறேன், சோறு வரவே இல்லை. கேட்டால், "முதல்ல இதைக் குடிங்க, அடுத்தது வரும்" என்கிறார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எனக்கு வாங்க போங்க! தோளில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். ஒரு மனுஷி எப்படி அண்ணே நிம்மதியாக விழுங்குவாள்?

அடுத்தது வந்தது. உள்ளங்கை அளவு மீன் துண்டு, பிசைந்த உருளைக்கிழங்கு ஒரு உருண்டை, அதன் தலையில் ஒரே ஒரு கொத்தமல்லி இலை. எளிமையாக இருக்கணும், பார்வையாக இருக்கணுமாம். பார்த்தால் வயிறு நிறையுமா? சரி, கையால் பிசைந்து சாப்பிடுவோம் என்று கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் தட்டைக் காணோம்! இரண்டையும் சேர்த்து வைத்தால் போதும் என்று அர்த்தமாம், பங்களாச் சட்டமாம். "ஐயோ, நான் இன்னும் தொடவே இல்லைங்க"ன்னு கத்துறேன், அவர் அதுக்குள்ள தட்டைக் கழுவிட்டார். அப்புறம் முட்டையும் பாலும் கருக்கின சீனியும் சேர்த்து அவிச்ச ஒரு புட்டிங். தொட்டா நடுங்குது. எனக்கே பாவமாப் போச்சு.

தினமும் இதே கதை. மலையில் தலை சுற்றுகிறது, கொழுந்து குறைகிறது, கங்காணி வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். ஒரு ரொட்டியும் இடிச்ச தேங்காய்ச் சம்பலும் தின்ன இந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லையா? ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். துரை திரும்பி வந்து அவரைப் பங்களாவுக்குள் இழுத்துப் போடுகிற வரைக்கும் நான் இங்கே இருக்கமாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
வயிறு காய்ந்த தங்கை
சண்முகவடிவு

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் பக்கத்துக் காம்பரா பூரணி வாசலில் வந்து நின்று, "பொண்டாட்டிக்குப் பின்னால துண்டு போட்டுக்கிட்டு நிக்கிறவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று நாலு பேர் கேட்கச் சிரித்தாள். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! நான் போட்ட சத்தம் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் வரை கேட்டிருக்கும். பூரணி இன்னும் கதவைத் திறக்கவில்லை. அண்ணே, பிறந்ததிலிருந்து யாராவது என்னை உட்கார வைத்து முதல் சோறு போட்டதுண்டா? நம்ம வீட்டில் ஆம்பளைகள் எழுந்த பிறகு சட்டியைத்தானே வழித்தோம்? இவர் நான் எழுந்திருக்கும் வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. என்னைக் கூட்டிப்போக வரவேண்டாம். சாப்பிட வாங்க, அண்ணியோடு. முதலில் அண்ணிக்குத்தான் பரிமாறுவோம். அவங்க சாப்பிட்டு எழுந்திரிக்கிற வரைக்கும் நீங்க வெளியே காத்திருக்கணும்.