சாப்பாட்டு மேசையில் நிற்கும் கிரேன்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலமாக இருப்பதாகத்தான் வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீயும் குழந்தையும் சுகம்தானே? உன் வீட்டுக்காரர் தேறிவிட்டார். அவர் தேறியதில் இந்த வீடு என்ன கதிக்கு ஆளானது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

"ரயில் சத்தம் கேட்டாலே அவருக்கு உடம்பு நடுங்குதுண்ணா, கொஞ்ச நாள் உங்ககூட வச்சிக்கங்க" என்று நீ போனில் அழுதபோது நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் ஓட்டிவந்த ரயிலின் முன்னால் யாரோ வந்து நின்றதற்கு அவர் என்ன செய்வார்? விசாரணையிலும் அவர்மேல் குற்றமில்லை என்றுதான் முடித்தார்கள். ஆனால் மாப்பிள்ளை வந்த அன்றே ஜன்னலோரம் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே இருந்தார். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாரே என்று நான் கடைக்குப் போய் ஒரு பொம்மை ரயில் செட் வாங்கி வந்தேன். ரயில் என்றாலே நடுங்குகிறவருக்கு ரயில் வாங்கிக் கொடுத்த ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான் என்று உன் அண்ணி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். ஆனால் மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? பெட்டியிலிருந்த குட்டி கிரேனை மட்டும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கிரேனே இல்ல மச்சான். இத வச்சி ஒரு கொசுவக்கூடத் தூக்க முடியாது" என்றார். இந்த வீட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். தடம் புரண்ட பெட்டிகளைத் தூக்க வருமே, அந்தப் பெரிய கிரேன், அதை உள்ளங்கை அளவில், ஒவ்வொரு உறுப்பாக, தன் கையாலேயே செய்வதென்று. கடையில் வாங்கிய பாகம் ஒன்றுகூட இருக்கக் கூடாதாம். அப்படியானால் பாகமெல்லாம் எங்கிருந்து வரும்? என் வீட்டிலிருந்துதான் வரும். கிரேனின் நீண்ட கை எனக்குப் பிடித்த குடையின் கம்பிகளிலிருந்து வந்தது. அதை அறியாமல் மழையில் பஸ் ஸ்டாப்பில் நின்று நான் குடையை விரித்தபோது அது செத்த வௌவால் மாதிரி என் தலைமேல் கவிழ்ந்தது, பக்கத்தில் நின்ற அம்மாள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பல்சக்கரங்கள் என் அலாரம் கடிகாரத்திலிருந்து வந்தன. கூரைக்குத் தகடு வேண்டுமென்று மாத்திரை அட்டைகளையெல்லாம் உரித்துவிட்டதால், பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஒரே கிண்ணத்தில் கலந்து கிடக்க, மருந்துக் கடைக்காரரிடம் கிண்ணத்தோடு போய் நிற்க வேண்டியதாயிற்று. பாகங்களை ஒட்ட அவர் வைத்திருக்கும் அந்தப் பசை இருக்கிறதே, அதைப் பற்றி நான் எழுதவே கூடாது என்றிருந்தேன். டீ குடிக்கும்போது கோப்பையின் காது உடைந்ததென்று நானே கொஞ்சம் எடுத்துத் தடவினேன். காது ஒட்டியது, கூடவே என் விரலும் ஒட்டியது. வெந்நீரில் ஊறவைத்தால் விரல் பிரியும் என்று மாடியில் குடியிருக்கும் பாட்டு டீச்சரிடம் போய், கையில் கோப்பையோடு, "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா" என்று கேட்டேன். அவர் பாவம், ஏதோ புரிந்துகொண்டு அதில் வெந்நீரை ஊற்றிவிட்டார்.

உன் அண்ணி தட்டிக்கேட்பாள் என்று நம்பினேன். அவளோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு மழுங்கின ஊசியால் தகட்டில் ரிவெட் ஆணித் தலைகள் மாதிரி புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டிருக்கிறாள். ஒரு வரிசை மயிரிழை கோணிவிட்டதென்று மாப்பிள்ளை பக்கத் தகடு முழுவதையும் பிய்த்தெடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"இத யாரு மாப்பிள்ளை பூதக்கண்ணாடி வச்சிப் பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க மச்சான். ஆனா கோணலா இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சே."

"தம்பி சொல்றது சரிதான்" என்றாள் உன் அண்ணி. அவள் என் பக்கம் பேசி எவ்வளவு காலமாயிற்று.

இனி சொல்லப்போவதைப் பொறுமையாகப் படி. கிரேனைச் சுற்றி ஸ்டேஷன், பிளாட்பாரம், தண்டவாளம் என்று எங்கள் சாப்பாட்டு மேசை நிறைந்துகொண்டே போக, நானும் ஏதாவது செய்ய வேண்டாமா என்று விரல்நுனி அளவு மனிதப் பொம்மைகள் வாங்கி வந்தேன். அவர் குளிக்கப் போயிருந்தபோது ஒன்றை எடுத்து, எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, நட்டநடுத் தண்டவாளத்தில் ஒட்டி வைத்தேன். சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லையம்மா. தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் அதைப் பார்த்தார். துண்டு கீழே விழுந்தது. அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஹாரன் அடிச்சேன் மச்சான். விடாம அடிச்சேன். பிரேக்கும் போட்டேன். அவரு திரும்பி என்னப் பாத்தாரு. வண்டி நிக்கல."

பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். உன் அண்ணிதான் சமையலறையிலிருந்து வந்தாள், ஒரு பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது. பிளேடை எடுத்து அந்தப் பொம்மையை அடியோடு பெயர்த்து, பிளாட்பாரத்து பெஞ்சில் சாய்த்து ஒட்டி, பசை காயும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்க பாருங்க தம்பி, இவரு உக்காந்துட்டாரு. இனிமே எங்கயும் போக மாட்டாரு."

"அவரு போயிட்டாரேக்கா" என்று சொல்லி மாப்பிள்ளை வாய்விட்டு அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டோம். அழுது முடித்து, சாப்பாடு கேட்டுச் சாப்பிட்டு, சாயங்காலம் வரை அசையாமல் தூங்கினார்.

மறுநாள் கிரேன் வேலை முடிந்தது. கைப்பிடியைச் சுழற்றினால் நிஜமாகவே பாரம் தூக்குகிறது. என் பூட்டைக் கொக்கியில் மாட்டினார்; அது மெல்ல எழும்பியது, உன் அண்ணி கைதட்டினாள், உடனே கிரேன் தலைகுப்புறக் கவிழ்ந்து அவர் பாடுபட்டுக் கட்டிய சிக்னல் கம்பத்தை நொறுக்கிவிட்டது. மாப்பிள்ளை சிரித்தார்! "முட்டுக் குடுக்காமத் தூக்கினா நெஜக் கிரேனும் இப்படித்தான் மச்சான் சாயும்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னதை நீயும் கேட்டுக்கொள்: "இனிமே வண்டி ஓட்ட வேணாம் மச்சான். கிரேன் கோஷ்டியில வேலை கேக்கப் போறேன். கவுந்து கெடக்கறதத் தூக்கி நிறுத்துற வேலைதான் எனக்குச் சரி." உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தயங்குகிறார். நான் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவர் தானாக எடுத்த முடிவு.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடு. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு எழுந்திருக்க முடியாமல் அவதிப்படுகிறோம்.

குழந்தைக்கு எங்கள் முத்தம். பிசுபிசுக்கும் இந்தக் கைகளால் உங்கள் மூவரையும் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து வர வேண்டாம். என்ஜினைத் திருப்பி நிறுத்தும் வட்டமேடைக்குப் பள்ளம் வேண்டுமென்று இன்று காலை நானே ரம்பத்தை எடுத்து மேசையின் நடுவில் அறுத்துவிட்டேன். வட்டம் சரியாக வரவில்லை. உன் அண்ணி கோவிலிலிருந்து திரும்புவதற்குள் மாப்பிள்ளை அதை மூடி மறைத்து, பத்து நாளில் சரிசெய்தும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தச் சமயத்தில் அவரைக் கூட்டிக்கொண்டு போனால் நான் எங்கே போவேன்?